லேபிள் இல்லாத ஒயில் பேணி

எங்கள் பகுதி மெக்கானிக்மார் சேர்ந்து வைத்திருக்கும் வட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் வாங்கி வந்த பழைய மொரிஸ் மைனர் கார். பெயின்ட் புதிது, சீட் உறை புதிது. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: “கியர் பொக்ஸுக்கும் டிபரென்ஷலுக்கும் ஒரே ஒயில் போடலாமா?” பத்துப் பதினைந்து பேர் பதில் எழுதியிருந்தார்கள். பாதிக்கு மேல் பிழை. நான் குரல் பதிவில் சரியானதைச் சொல்லி அனுப்பினேன். “அங்கிள், குரலில சொன்னா பிறகு தேடி எடுக்க ஏலாது. எழுதித் தாங்க” என்றார்கள்.

எழுத உட்கார்ந்தால், ஒயிலை மட்டும் எழுதி நிறுத்த முடியவில்லை. எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. நாவற்குடாவில் வீடு. நாற்பத்தைந்து வருடம் கார்களுக்குக் கீழே படுத்திருந்திருக்கிறேன். அந்த நாற்பத்தைந்து வருடத்தில் நான் செய்த மிகப் பெரிய பிழை, ஒரு காருக்கு மிக நல்ல ஒயிலை ஊற்றியதுதான். அந்தக் காலத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அதை நான் சொன்னதில்லை.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். போடக்கூடாது. மொரிஸ் மைனரின் கியர் பொக்ஸுக்கு இஞ்சின் ஒயில். தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் காலையில் கியர் விழாது, உள்ளே இருக்கும் வெண்கல வளையங்களும் கெடும். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கிறதே, அந்த டிபரென்ஷலுக்குத் தொண்ணூறாம் இலக்கக் கியர் ஒயில். இரண்டையும் மாற்றி ஊற்றினால் கார் அன்றைக்கே நிற்காது. சில மாதம் ஓடும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

நான் வேலை பழகியது ஆரையம்பதி எல்லையில், கல்முனை வீதியோரம் இருந்த சாலி காக்காவின் கராஜில். அவர் காத்தான்குடிக்காரர்; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். இளமையில் கொழும்பில் பிரெஞ்சுக் கார்கள் திருத்தும் ஒரு பெரிய கராஜில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவர். பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் சாமான்களைக் கழுவினேன். இரண்டாம் வருடம் சில்லுக் கழற்றினேன். மூன்றாம் வருடம் ஒரு ஒஸ்டின் காரின் டிபரென்ஷலுக்கு ஒயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டேன். கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். கூடிய ஒயில் அச்சு வழியாகக் கசிந்து பின் பிரேக்குக்குள் போய், அந்தக் கார் தேத்தண்ணிக் கடையின் வேலியில் போய் நின்றது. வேலியை நானே கட்டிக் கொடுத்தேன்.

சாலி காக்கா யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒல்லியான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்குள் குனிவதற்கு முன் சட்டைப் பையில் உள்ளதையெல்லாம் எடுத்து மேசையில் வைப்பார். ஒயில் மாற்றுவதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கார் வந்தவுடன் கீழே படுக்க விடமாட்டார். “குருக்கள்மடம் வரைக்கும் போய்த் திரும்பி வா” என்பார். ஓடி வந்த கார் சூடாக இருக்கும், ஒயில் இளகியிருக்கும், அடியில் தங்கிய துருக்கறளும் அதோடு சேர்ந்து வெளியே வரும். பிறகு மட்டமான தரையில் நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் நட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழே வடிக்கும் நட்டு பிறகுதான். ஏனென்று நான் கேட்டபோது, “மேல் நட்டுக் கறள்பிடிச்சி இறுகிக் கிடந்தா என்ன செய்வாய்? உள்ள இருந்த ஒயிலையும் வடிச்சிட்டு, புதுசையும் ஊத்த வழியில்லாம, காரைத் தள்ளிக்கிட்டா போறது?” என்றார்.

வடிந்த ஒயிலை அவர் உடனே வீசமாட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார். முகர்ந்து பார்ப்பார். வெள்ளைச் சீலைத் துண்டில் ஒரு துளி விட்டு வெயிலில் பிடிப்பார். உருக்குத் தூள் என்றால் சாம்பல் நிறத்தில் மினுங்கும். வெண்கலத் தூள் என்றால் பொன் நிறம். கழற்றிய செப்பு வாசரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் இளகும், திரும்பப் போடலாம். அச்சின் மேலே மூச்சு விடுவதற்கென்று குண்டூசித் துவாரம் ஒன்று இருக்கும். அது சேற்றால் அடைபட்டால் சூட்டில் ஒயில் வேறு வழி தேடும். அதையும் குத்திப் பார்க்க வேண்டும். கடைசியில் புதிய ஒயிலை ஊற்றி, துவாரத்தின் விளிம்பால் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, அந்த வழிதல் தானாக நிற்கும்வரை காத்திருந்து, பிறகுதான் நட்டை முறுக்குவார். அந்த நேரத்தில் யாராவது கதை கொடுத்தால் பதில் வராது.

மாரியில் வெள்ளத்துக்குள் ஓடிய கார்கள் வரும். டிபரென்ஷலுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வடியும். அதை ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றிச் சொந்தக்காரருக்கு முன்னால் மேசையில் வைப்பார். அடுத்த மாரியில் அந்த மனிதர் வெள்ளம் வடிந்த மறுநாளே காரைக் கொண்டு வந்துவிடுவார்.

இவ்வளவையும் எனக்குக் காட்டித் தந்த அவர், ஒன்றை மட்டும் காட்டவில்லை. குருக்கள்மடத்தில் நேசம் மிஸ் என்று ஒரு மருத்துவிச்சி இருந்தார். அரசாங்க வேலை. கணவர் இறந்த பிறகு அவருடைய பெஜோ 403 காரை மிஸ்தான் ஓட்டினார். பிள்ளைப்பேற்றுக்கு இருந்த பெண்களை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் அந்தக் காரில்தான். அந்தக் காருக்குப் பின்பக்க ஒயில் மாற்றும் நாளில் சாலி காக்கா எங்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். தானே கீழே போய்த் தானே முடிப்பார். அவருடைய அறை அலுமாரியில் லேபிள் கிழிக்கப்பட்ட ஒரு பெரிய தகரப் பேணி இருந்தது. ஒருமுறை மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஆமணக்கெண்ணெய் வாசம். காக்கா வயிற்றுக்குக் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது அவர் ஹஜ்ஜுக்குப் போனார். ஒன்றரை மாதம் கராஜ் என் பொறுப்பு. அந்த நேரத்தில் நேசம் மிஸ் வந்தார்.

“தம்பி, மழை துவங்கமுன்னம் ஒயில் எல்லாம் மாத்தித் தா. சாலி வருமட்டும் நிக்க ஏலாது. மூணு பேர் மாதம் நிறைஞ்சி இரிக்காங்க.”

“நான் செய்து தாறன் மிஸ்” என்றேன். சொன்னதில் எனக்குப் பெருமை இருந்தது.

டிபரென்ஷல் ஒயிலை வடித்தேன். தேன் போலத் தடிப்பாக வந்தது. ஆமணக்கெண்ணெய் வாசம் அடித்தது. அலுமாரிப் பேணியும் அதே வாசம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒயில் தட்டுப்பாடான ஒரு காலத்தில் யாரோ வீட்டு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள், நான்தான் அதைக் கண்டுபிடித்துச் சரி செய்கிறேன் என்று நினைத்தேன். டவுனுக்குப் போய், கிடைத்ததில் மிகத் திறமான கியர் ஒயிலை வாங்கி வந்தேன். மேல் நட்டு முதலில், கீழ் நட்டு பிறகு, வாசரைக் காய்ச்சி, மூச்சுத் துவாரத்தைக் குத்தி, வழிதல் நிற்கும்வரை காத்திருந்து முடித்தேன். ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை. சாலி காக்கா திரும்பி வந்தபோது இதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. சரியாகச் செய்த வேலையைச் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பின்னேரம், சைக்கிளில் ஒருவர் வந்து, நேசம் மிஸ்ஸின் கார் கொஞ்சத் தூரத்தில் நிற்கிறது என்றார். ஓடிப் போனோம். காரை ஆட்கள் வீதியோரம் தள்ளி விட்டிருந்தார்கள். மிஸ் இல்லை. பின் சீட்டில் ஒரு துவாய் கிடந்தது. இஞ்சினைக் கிளப்பினேன். ஓடியது. கியர் விழுந்தது. கிளட்சை விட்டேன். கார் அசையவில்லை. பின்னுக்கிருந்து அரைபடும் சத்தம் மட்டும் வந்தது.

பக்கத்துக் கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். காருக்குள் வலி கண்ட ஒரு பெண் இருந்திருக்கிறாள். மிஸ் நடு வீதியில் இறங்கி நின்று, வந்த பஸ்ஸை மறித்திருக்கிறார். உள்ளே இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை எந்தத் தரிப்பிலும் நிறுத்தாமல் போகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கடைக்காரருக்குத் தெரியாது.

காரைக் கட்டி இழுத்து வந்து அச்சைக் கழற்றினோம். சாலி காக்கா ஒயிலை முகர்ந்தார். சீலைத் துண்டில் ஒரு துளி விட்டு என் பக்கம் நீட்டினார். பொன் நிறத் தூள் அள்ளிப் போட்டது போல மினுங்கியது. மூடியைத் திறந்தால், நான் அதுவரை பார்த்திராத அமைப்பு. மற்றக் கார்களில் உருக்குப் பல்லோடு உருக்குப் பல் பொருந்தும். இதில் புழு போல முறுக்கிய ஒரு உருக்குத் தண்டு, பெரிய வெண்கலச் சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அந்த வெண்கலம் கறுத்துப் போய்க் கிடந்தது. பற்கள் பாதி இல்லை.

“இதுக்கு ஆர் ஒயில் மாத்தின?”

“நான்தான் காக்கா. நீங்க ஹஜ்ஜுக்குப் போன நேரம்.”

“என்ன ஒயில்?”

சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரிப் பேணியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். “இதுக்கு இதுதான் ஒயில். ஆமணக்கெண்ணெயில செய்தது. நீ ஊத்தினதுக்குள்ள மருந்து சேத்திருக்கு. அது உருக்குப் பல்லுக்கு நல்லது. வெண்கலத்தைச் சூட்டில தின்னும்.” பேணியைத் திருப்பி, லேபிள் கிழிந்த பக்கத்தைப் பார்த்தார். “வா, மிஸ்ஸிட்டப் போவம். நீதான் சொல்லணும்.”

மறுநாள் காலை குருக்கள்மடம் போனோம். வழி முழுக்க எனக்கு ஒரே நினைவு, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்பதுதான். மிஸ் கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஆமணக்கெண்ணெய் என்று தெரிந்தும், அதைப் பிழை என்று நானே முடிவு செய்து மாற்றியதையும் சொன்னேன்.

மிஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் புள்ளைக்கு ஆம்புளப் புள்ள. வார்ட்டுக்குள்ள ஏத்தி அஞ்சு நிமிசத்தில பிறந்தது. ரெண்டு பேரும் சுகம்” என்றார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

பிறகு அவர் சாலி காக்காவைப் பார்த்தார். “சாலி, அந்தப் பேணியில என்ன எழுதி இருக்கு?”

“ஒண்டும் இல்ல மிஸ். நான்தான் கிழிச்ச.”

“ஏன்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கொழும்பில இருந்து வந்த புதுசில இந்தக் காருக்கு என்ன ஒயில் எண்டு ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுத்தன். அவன் என்ட பெஜோக்காரரை எல்லாம் தன்ட பக்கம் எடுத்துக்கிட்டான். அதுக்குப் பிறகு ஆருக்கும் சொல்றல்ல.”

“எங்கட வார்ட்டுக்குள்ள லேபிள் இல்லாத போத்தல் இருந்தா அதை எடுத்து வெளியால ஊத்திருவம். உள்ள என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியும் எண்டு ஒரு ஆள் சொல்றது எங்களுக்குப் போதாது. அந்த ஆள் ஒரு நாளைக்கு லீவில நிப்பா.” மிஸ் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிளினிக் நாள் சொல்வது போலத்தான் சொன்னார். “இப்ப எனக்குக் கார் வேணும். அதுக்கு வழியைச் சொல்லுங்க.”

சாலி காக்கா தன் சொந்த மொரிஸ் மைனரை அவருக்கு விட்டார். மிஸ்ஸுக்கு அந்தக் காரின் கியர் பழக்கமில்லை, ஓட்டுவதற்கு என்னையும் விட்டார். வெண்கலச் சக்கரம் கிடைக்கும்வரை விடியக் காலை குருக்கள்மடம் போய் நான் அவருடைய சாரதியாக இருந்தேன். ஆறு பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். குழியில் சில்லு விழும்போது பின் சீட்டிலிருந்து வரும் சத்தத்தை முதல் நாள்தான் கேட்டேன். அதுவரை கார் என்றால் எனக்குத் தூக்கி வைத்துக் கீழே படுக்கும் ஒரு சாமான். அந்த ஒரு மாதத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த என் கை தானாகக் குழிகளைத் தேடி விலக்கப் பழகியது.

சக்கரம் கொழும்பில் இல்லை என்று பதில் வந்தது. சாலி காக்கா வீதியால் போகும் ஒவ்வொரு லொறிக்காரரையும் மறித்து விசாரித்தார். நெல் ஏற்றும் ஒருவர், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு மாட்டுவண்டி ஓடுகிறது, அதன் சில்லு மூடியில் சிங்கம் இருக்கிறது என்றார். சிங்கம் என்றால் பெஜோ. அப்போது வாவிக்குக் குறுக்கே அந்த இடத்தில் பாலம் இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவையான படகுப்பாதையில் ஏறி நானும் காக்காவும் போனோம்.

வண்டிக்காரர் பெயர் கந்தப்போடி. அறுவடை நேரம். வயல் வட்டை முழுக்க வெட்டிய கதிர்களைச் சூடாகக் குவித்து வைத்திருந்தார்கள். எப்போதோ உடைந்துபோன ஒரு 403இன் பின் அச்சை அப்படியே வண்டிக்குப் பூட்டி ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். சாலி காக்கா வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, அச்சைக் கேட்டார்.

“தரமாட்டன்” என்றார் கந்தப்போடி. “சூடடிச்சி நெல்லெல்லாம் வீட்ட போய்ச் சேருமட்டும் இதில கை வைக்க ஏலா. மாட்டுக்குப் பாரமே தெரியாம ஓடுற வண்டி இது.”

“வேற அச்சுக் கொண்டு வந்து பூட்டித் தாறம்.”

“அது இப்புடி ஓடுமா?”

காக்கா என்னைக் காட்டினார். “இவர் பூட்டுவார். ஓடாட்டி நீங்க தரவேணாம்.”

என்ன காருக்கு, என்ன நடந்தது என்று கந்தப்போடி கேட்டார். சொன்னேன். வலியோடு பஸ்ஸில் ஏறிய பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “நெல் ஏத்தி முடியட்டும், வாங்க” என்றார். அதற்குப் பதினெட்டு நாள் ஆனது. பிறகு ஒரு மொரிஸ் அச்சை அக்கரைக்குக் கொண்டு போனேன். அதன் உட்பற்களை நீக்கி, பெயரிங்குகளுக்குக் கிரீஸ் நிறைத்து, அந்த வட்டைக்குள்ளேயே வண்டிக்குப் பூட்டினேன். கந்தப்போடி மாடு பூட்டாத வண்டியை ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தார். உருண்டது. இன்னொரு முறை தள்ளினார். “சரி, எடுத்திட்டுப் போ மனே” என்றார்.

கராஜில் அந்த அச்சைத் திறந்தபோது உள்ளே இருந்த பழைய ஒயில் சர்க்கரைப் பாணி போலக் கெட்டிப்பட்டிருந்தது. ஆமணக்கெண்ணெய்தான். ஒன்பது வருடம் மாட்டுக்குப் பின்னால் சேற்றிலும் மணலிலும் ஓடிய வெண்கலச் சக்கரம் மஞ்சளாக, ஒரு பல்லும் தேயாமல் இருந்தது. சக்கரத்தையும் அதோடு பழகிய உருக்குத் தண்டையும் சோடியாகவே கழற்றி எடுத்தோம். மிஸ்ஸின் டிபரென்ஷலை மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். இரண்டு வகை ஒயிலும் ஒன்றோடொன்று சேராது, பசையாகிவிடும். பொருத்தி முடிந்ததும் காக்கா பேணியை என் கையில் தந்தார். நான் ஊற்றினேன். வழிதல் நிற்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கார் மிஸ் ஓய்வு பெற்ற பிறகும் ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த சாலி காக்கா ஒரு பேணி கறுப்புப் பெயின்டும் பிரஷும் வாங்கி வந்தார். “என்ட எழுத்து நல்லமில்ல. நீ எழுது” என்றார். வீதியைப் பார்த்த வெளிச் சுவரில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், பெஜோ என்று ஒவ்வொரு காருக்கும் கியர் பொக்ஸுக்கு என்ன ஒயில், டிபரென்ஷலுக்கு என்ன ஒயில், எவ்வளவு, எந்த நட்டு முதலில். 403க்கு நேரே ஆமணக்கெண்ணெய் ஒயில் என்பதைச் சிவப்பில் எழுதச் சொன்னார். கராஜுக்குள் எழுதினால் மழை படாது என்றேன். “உள்ளுக்கு எழுதினா ஆர் பாக்கிற?” என்றார்.

ஒரு கிழமைக்குள் முதல் ஆள் வந்தார். காக்காவின் பெஜோக்காரரை எல்லாம் எடுத்துக்கொண்ட அதே மெக்கானிக். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, உள்ளே பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்துச் சுவரைப் பார்த்து எழுதத் தொடங்கினார். வெயில் நேரே அடித்துக்கொண்டிருந்தது. நான் காக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அறைக்குள் போய்த் தன் கதிரையைத் தூக்கி வந்து அந்த மனிதருக்குப் பின்னால் வைத்தார்.

“இருந்து எழுதுங்க” என்றார். “பெஜோ உங்களுக்குத் தெரிஞ்சதுதான், எண்டாலும் அதை மட்டும் ரெண்டு தரம் வாசிச்சிப் பாத்து எழுதுங்க.”